கோதுக்கு ஒரு கையெழுத்து

சேசு மரி சூசை துணை

பலெர்மோ
08.02.1998

அன்புள்ள பெரியத்தானுக்கு,

நானும் மொனிகாவும் ஆண்டவர் கிருபையால் சுகம். உங்கள் சுகத்துக்கும் மன்றாடுகிறேன். இலண்டனில் பனி கொட்டுகிறது என்று ரீவியில் காட்டினார்கள். வேர்க்கொம்பும் மல்லியும் அவித்துக் குடியுங்கள். தனிக்கட்டைதானே என்று சோம்பி இருக்க வேண்டாம்.

ஒரு விஷயம் கேட்கத்தான் எழுதுகிறேன். எனக்குத் தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை. நான் வேலை செய்யும் வீட்டுச் சிஞ்ஞோர் ஓய்வு பெற்ற எஞ்சினியர் என்று முன்பு எழுதியிருக்கிறேன். அந்த மனுஷனுக்கு இங்கிலாந்திலிருந்து ஏழு பெட்டி வந்திருக்கிறது. பெட்டிக்குள் கார். முழுக் கார் இல்லை. ஒரு இரும்புக் கூடு, சிவப்பு உடம்பு, தடித்த புத்தகம் ஒன்று, அவ்வளவுதான். எஞ்சின் இல்லை, கியர்பெட்டி இல்லை, சில்லு இல்லை. அதை அவரே வீட்டில் பூட்டி ஓட்டப் போகிறாராம். அவருடைய பெண்சாதி, சிஞ்ஞோரா, தலையில் அடித்துக்கொள்கிறா.

இல்லாத சாமான்களை ஒரு பழைய காரிலிருந்து எடுக்க வேண்டுமாம். அந்தப் பழைய காரைத் தானம் கொடுக்கிற கார் என்று சொல்கிறார். எங்கள் பியாற் 131 பின்சில்லு இழுக்கிற கார், அதுதான் தனக்குப் பொருத்தம் என்று என்னைக் கேட்டுவிட்டார்.

அந்தக் கார் சீசாப் பகுதியில் எங்கள் வீட்டுக்குக் கீழே, மொனிகாவின் அப்பா விட்ட இடத்திலேயே நிற்கிறது. 95ஆம் ஆண்டு ஓகஸ்ற்றில் உங்கள் சித்தி மகளின் கலியாணத்துக்கென்று போனவர், கொழும்பில் இறங்கி ஒருதரம் போன் எடுத்தார். "மன்னாருக்கு வெளிக்கிடுறன்" என்றார். கலியாண வீட்டுக்கு அவர் போய்ச் சேரவே இல்லை. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்கும் தெரியும். நடந்தது என்று என்ன இருக்கிறது, ஒன்றும் தெரியாது என்பதுதான் தெரியும்.

அவருடைய பொருளை அவர் இல்லாத நேரத்தில் கொடுக்கலாமா? "அம்மா, அது துருப்பிடிச்சுப் போகுது, குடுங்கோ" என்கிறாள் மொனிகா. அவர் வந்து கேட்டால் நான் என்ன சொல்வது? நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் எனக்குப் பலம்.

இப்படிக்கு,
யாக்கோபு றோசமலர்


கர்த்தருக்கு ஸ்தோத்திரம்

இலண்டன்
27.02.1998

அன்புள்ள மச்சாள் றோசமலருக்கு,

நான் நல்ல சுகம். உம்முடையதும் பிள்ளையினதும் சுகமறிந்து சந்தோசம்.

சிஞ்ஞோர் செய்வது ஒன்றும் விசர்வேலை இல்லை. இதைக் கிற் கார் என்பார்கள். நான் வேலை செய்யும் பெற்றோல் செற்றுக்கு வரும் வெள்ளைக்காரன் ஒருவனும் இப்படி ஒன்றைச் செய்து ஓட்டித் திரிகிறான். பழைய காரின் எஞ்சின், பின் அச்சு, ஸ்ரியரிங் எல்லாம் புதுக் கூட்டுக்குப் போய்விடும். மிச்சமாகும் வெறுங்கூட்டை, அந்தக் கோதை, கார் உடைக்கிற இடத்துக்கு அனுப்ப வேண்டும். யோசிக்காமல் கொடுத்துவிடும். நிற்கிற கார் யாருக்கும் உதவாது.

பின் இடப்பக்கச் சில்லைக் கழற்றும்போது மட்டும் கவனம். நாலு போல்ற்றில் ஒன்றின் தலை மற்றவற்றைவிடப் பெரிது. வழக்கமான சாவியைப் போட்டு முறுக்கினால் தேய்ந்துவிடும்.

நீர் இன்னும் கடிதத்தின் உச்சியில் சேசு மரி சூசை எழுதுவதைப் பார்க்கச் சிரிப்பாக இருக்கிறது. அம்மா பிரம்போடு நின்று பழக்கியது. நான் சபையில் சேர்ந்து இரட்சிக்கப்பட்டு எட்டு வருடம். எனக்கு இப்போது அதை எழுதக் கையே வராது, வேதத்தில் அப்படி எங்கேயும் இல்லை. தம்பி யாக்கோபுதான் கறிச்சாமான் துண்டு எழுதினாலும் மூலையில் சே. ம. சூ. போடாமல் எழுதமாட்டான்.

மச்சாள், வருவான் வருவான் என்று எவ்வளவு காலம் இருப்பீர்? மனதைத் தேற்றிக்கொள்ளும்.

கர்த்தருக்குள்,
ஏர்னஸ்ற்


சேசு மரி சூசை துணை

பலெர்மோ
22.03.1998

அன்புள்ள பெரியத்தானுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் சிரித்தாலும் நான் உச்சியில் எழுதத்தான் போகிறேன்.

காரைக் கொடுத்துவிட்டேன். கயிறு கட்டிச் சிஞ்ஞோரின் கராஜ் வரைக்கும் இழுத்துப் போனார்கள். மொனிகா ஸ்ரியரிங்கைப் பிடித்தாள், நான் பக்கத்தில் இருந்தேன். வியா மக்வேதாத் தெருவில் சனம் எல்லாம் எங்களையே பார்த்தது. செத்தவீட்டு ஊர்வலம் போல மெள்ள மெள்ளப் போனோம்.

பொனற்றைத் திறந்த சிஞ்ஞோர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். உட்பக்கத்தில் வெள்ளைப் பெயின்ற்றால் சே. ம. சூ. என்று எழுதியிருந்தது. கார் வாங்கிய நாளிலேயே எழுதியிருப்பார். ஏழு வருடமாக எனக்கே தெரியாது. "இது உங்கட நாட்டு இலக்கமோ?" என்று சிஞ்ஞோர் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது எனக்கு ஒரு குழப்பம். அந்தக் காரைப் பங்குச் சுவாமி தீர்த்தம் தெளித்து மந்திரித்தவர். மந்திரித்தது எஞ்சினையா, கோதையா? எஞ்சின் சிஞ்ஞோரிடம் போய்விட்டது. கராஜில் இடமில்லை என்று கோதை லொறியில் கொண்டுவந்து பழைய இடத்திலேயே நாலு கல்லின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். மந்திரித்த பொருளைக் குப்பையில் போடக்கூடாது என்பார்கள். காரை எங்கே கொண்டுபோய்ப் புதைப்பது? சுவாமியைக் கேட்டேன், அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

போல்ற் நீங்கள் சொன்னபடியே இருந்தது. நீங்கள் பலெர்மோவுக்கு வந்ததே இல்லை. உங்களுக்கு எப்படித் தெரியும்?

இப்படிக்கு,
யாக்கோபு றோசமலர்


கர்த்தருக்கு ஸ்தோத்திரம்

இலண்டன்
10.05.1998

அன்புள்ள மச்சாளுக்கு,

பதில் எழுதச் சுணங்கிவிட்டது. வேலை கூடிவிட்டது. இங்கே இன்னும் குளிர் விட்டபாடில்லை, இரண்டு பேரும் மாறி மாறி இருமுகிறோம்.

போல்ற் கதை தம்பி முன்பு எப்போதோ போனில் சொன்னது. நினைவில் இருந்தது, எழுதினேன். அதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

கோதை வைத்துக்கொண்டு நிற்காதேயும். நகரசபைக்காரன் கண்டால் கரைச்சல். உடைக்கிற இடத்துக்கு அறிவித்தால் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். மந்திரித்தது, மந்திரிக்காதது என்று மனதைப் போட்டு அலட்ட வேண்டாம். இரும்பு இரும்புதான்.

கர்த்தருக்குள்,
ஏர்னஸ்ற்


சேசு மரி சூசை துணை

பலெர்மோ
24.05.1998

அன்புள்ள பெரியத்தானுக்கு,

நாங்கள் சுகம். யார் அந்த இரண்டாவது ஆள் உங்களோடு சேர்ந்து இருமுகிறது? ஐம்பத்தாறு வயதில் ஒருத்தரையும் கூப்பிடாமல் கலியாணம் கட்டிவிட்டீர்களா? பலகாரமாவது அனுப்பியிருக்கலாம்.

பகிடி ஒரு பக்கம் இருக்கட்டும். நீங்கள் சொன்னபடியே நகரசபைக்காரர் கண்டுவிட்டார்கள். கோதின் கண்ணாடியில் மஞ்சள் கடதாசி ஒட்டியிருக்கிறது. ஓகஸ்ற் முடிவதற்குள் எடுக்காவிட்டால் வழக்காம். செப்ரெம்பரில் நான் இங்கே இருக்கிற அனுமதியை, பெர்மெஸ்ஸோவை, புதுப்பிக்கப் பொலிஸ் கந்தோருக்கு, குவெஸ்தூராவுக்கு, போகவேண்டும். இந்த நேரத்தில் வழக்கு என்று ஒன்று வந்தால் நானும் பிள்ளையும் என்ன செய்வோம்?

உடைக்கிற இடத்துக்குப் போனேன். சும்மா தூக்க மாட்டார்களாம். இலக்கத் தகடும் காரின் புத்தகமும் கொடுக்கவேண்டும், காரின் சொந்தக்காரர் கையெழுத்து வைக்கவேண்டும். சொந்தக்காரர் அவர். அவர் இங்கே இல்லை என்றேன். "அப்ப எங்கே?" என்றான் அந்த ஆள். தெரியாது என்றேன். "உயிரோடு இருந்தால் இதில் அவருடைய கையெழுத்து. இல்லையென்றால் இதில் உன்னுடையது" என்று இரண்டு படிவத்தைக் கையில் தந்தான். இரண்டாவது, என் புருஷன் இறந்துவிட்டார் என்று இரண்டு சாட்சியோடு நான் சத்தியம் பண்ணுகிற கடதாசி.

மூன்றாவது கடதாசி இல்லையா என்று கேட்டேன். இல்லையாம்.

இரண்டையும் இதோடு வைத்து அனுப்புகிறேன். எதை நிரப்புவது? இரவும் பகலும் இதே யோசனை, சோற்றுக்கு இரண்டு தரம் உப்புப் போடுகிறேன்.

இப்படிக்கு,
யாக்கோபு றோசமலர்


பலெர்மோ
21.06.1998

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நான் சுகம். அம்மாவும் சுகம் என்று எழுதச் சொல்லுவா, எழுதிவிட்டேன்.

அம்மாவுக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன். அவ வேலையால் வந்ததும் கீழே போய்க் கோதுக்குள் இருக்கிறா. எஞ்சின் இல்லாத, சில்லு இல்லாத காருக்குள், பக்கத்துச் சீற்றில் செபமாலையோடு இருக்கிறா. நான் கூப்பிட்டால், "பொறு பிள்ளை, ஒரு காரியம் முடிஞ்சு வாறன்" என்று சொல்லுவா. என்ன காரியம் என்று கேட்டால் தெரியாது என்பா. கீழ்வீட்டு ஸ்ரெல்லா அன்ரி அவவுக்கு அங்கேயே கோப்பி கொண்டுபோய்க் கொடுக்கிறா.

மூன்று வருடமாக அவ கறுப்பும் உடுக்கவில்லை, ஒரு நல்ல நிறத்தில் சட்டையும் போடவில்லை. எல்லாம் சாம்பல் நிறம்தான். விதவையா இல்லையா என்று தெரியாமல் என்ன நிறத்தை உடுக்கிறது?

படிவம் கிடைத்து நாலு கிழமையாகிவிட்டது. நீங்கள் அப்பாவின் சொந்த அண்ணன். நீங்கள் சொன்னால் அவ கேட்பா. அப்பா இருக்கிறார் என்றால் இருக்கிறார் என்று சொல்லுங்கோ, இல்லை என்றால் இல்லை என்று சொல்லுங்கோ. எது என்றாலும் நாங்கள் தாங்குவோம்.

அன்புடன்,
மொனிகா


கர்த்தருக்கு ஸ்தோத்திரம்

இலண்டன்
05.07.1998

அன்புள்ள மச்சாளுக்கு,

நான் சுகம். என்னோடு இருமியது மன்னார்ப் பக்கத்துப் பொடியன் ஒருவன். அறையை வாடகைக்குக் கொடுத்திருக்கிறேன், வேறொன்றும் இல்லை.

பல நாள் யோசித்துத்தான் எழுதுகிறேன். இரண்டாவது படிவத்தில் கையெழுத்து வையும். அது வெறும் கடதாசி. கோது போகும், உம்முடைய பெர்மெஸ்ஸோவுக்கும் கரைச்சல் வராது. தம்பிக்கும் அதில் மனத்தாங்கல் இருக்காது. மூன்று வருடம் சின்னக் காலம் இல்லை. உமக்கும் பிள்ளைக்கும் ஒரு வாழ்க்கை இருக்கிறது.

மொனிகாவைக் கேட்டதாகச் சொல்லும். நல்ல பிள்ளை.

கர்த்தருக்குள்,
ஏர்னஸ்ற்


சேசு மரி சூசை துணை

பலெர்மோ
19.07.1998

அன்புள்ள பெரியத்தானுக்கு,

சுகம். உங்கள் கடிதத்தைப் பத்துத் தரம் வாசித்தேன். சொந்த அண்ணனே சொன்ன பிறகு நான் சொல்ல என்ன இருக்கிறது?

இரண்டாவது படிவத்தில் இன்னொன்று வாங்கி வந்துவிட்டேன். ஓகஸ்ற் இருபதாம் திகதி கையெழுத்து வைக்கப்போகிறேன். சாட்சிக்கு இங்கேயுள்ள எங்கள் ஊர்க் கோபாலசிங்கமும் புனிதமலரும் வருகிறார்கள். அவர் இறந்துவிட்டார் என்று எழுதிய வரியை மொனிகா வாசித்துக் காட்டினாள். இத்தாலியனில் அது வெறும் நாலு சொல்.

ஆனால் பெரியத்தான், அரசாங்கத்துக்கு ஒரு கதை, ஆண்டவருக்கு ஒரு கதை சொல்ல எனக்குத் தெரியாது. அவர் இறந்தவர் என்று சத்தியம் பண்ணினால் அவருடைய ஆத்துமாவுக்குச் செய்யவேண்டியதையும் செய்யவேண்டும். மூன்று வருடமாக ஒரு மெழுகுதிரிகூட நான் அதற்கென்று ஏற்றவில்லை. போய்ச் சுவாமியிடம் சொல்லிவிட்டேன். செப்ரெம்பர் இரண்டாம் திகதி, புதன்கிழமை பின்னேரம் இறந்தோர் பூசை. இங்கேயுள்ள மன்னார்ச் சனம் எல்லாம் வருகிறது. பீடத்தில் நின்று அவருடைய பெயரை வாசிப்பார்கள். நித்திய இளைப்பாற்றியை அவருக்கு அருளும் என்று எல்லாரும் சேர்ந்து சொல்லுவோம். அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகக் கறுப்பு உடுப்பேன்.

நீங்கள் அந்தச் சபைக்குப் போனாலும், அந்த நேரத்தில் உங்கள் தம்பிக்காக ஒரு செபம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
யாக்கோபு றோசமலர்


கர்த்தருக்கு ஸ்தோத்திரம்

இலண்டன்
27.07.1998

மச்சாள்,

அவசரத்தில் எழுதுகிறேன். பூசையை உடனே நிறுத்தும். சத்தியக் கடதாசியிலும் கையெழுத்து வைக்கவேண்டாம்.

நீர் அனுப்பிய முதல் படிவத்தை இதற்குள் வைத்திருக்கிறேன். தம்பியின் கையெழுத்தை நானே போட்டுவிட்டேன். சின்ன வயதில் அவனுடைய றிப்போட் அட்டையில் அப்பாவின் கையெழுத்தையே போட்டவன் நான், ஒருவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். இதைக் கொடுத்துக் கோதை அனுப்பிவிடும், அதோடு எல்லாம் சரி. பூசை வேண்டாம். ஒருவருக்கு என்ன நடந்தது என்று தெரியாமல் அப்படிப் பூசை செய்வது சரியில்லை. சுவாமியிடம் இன்றைக்கே சொல்லும்.

முந்திய கடிதத்தில் நான் எழுதியதைக் கணக்கில் எடுக்கவேண்டாம்.

ஏர்னஸ்ற்


சேசு மரி சூசை துணை

பலெர்மோ
06.09.1998

யாக்கோபுக்கு,

இந்தக் கடிதத்தைப் பெரியத்தான் வீட்டு முகவரிக்கே அனுப்புகிறேன். வாடகைக்கு இருக்கிற மன்னார்ப் பொடியனிடம் கொடுக்கச் சொல்லி உறையில் எழுதியிருக்கிறேன். அந்தப் பொடியனுக்கு வருகிற மாசியில் ஐம்பத்திரண்டு வயது.

உங்கள் சுகத்தைக் கேட்டு எழுதவேண்டும். மூன்று வருடமாக ஒவ்வொரு நாளும் ஆண்டவரிடம் அதைத்தான் கேட்டேன், களைத்துப்போனேன். நாங்கள் சுகம்.

பெரியத்தான் அனுப்பிய படிவத்தை மேசையில் விரித்துப் பார்த்தேன். கையெழுத்து உங்களுடையது போலத்தான் இருந்தது. பெரியத்தான் கெட்டிக்காரர், கள்ளக் கையெழுத்து நன்றாகப் போடுகிறார் என்று நினைத்துச் சிரிக்கக்கூடச் செய்தேன். பிறகுதான் இடப்பக்க மூலை கண்ணில் பட்டது. எறும்பளவு எழுத்தில் சே. ம. சூ.

அதை எழுதப் பெரியத்தானுக்குக் கை வராது, அவரே எனக்கு எழுதியிருக்கிறார். பேனாவைத் தாளில் வைத்ததும் உங்கள் கை தன்பாட்டில் எழுதியிருக்கும். உங்களை அடித்துப் பழக்கியிருக்கிறார்கள், நீங்கள் என்ன செய்வீர்கள்.

முதலில் ஒன்றும் விளங்கவில்லை. அடுப்பில் பால் பொங்கி ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நீங்கள் இருக்கிறீர்கள் என்று சந்தோசம் வந்தது, பொய் சொல்லவில்லை, நெஞ்சு நிறையச் சந்தோசம். அது தண்ணீர் கொதிக்கிற நேரம் இருந்தது. பிறகு கோபம் வந்தது, இன்னும் போகவில்லை. போல்ற்றைச் சொல்லித் தந்தது யார், மாறி மாறி இருமியது யார் என்று ஒவ்வொன்றாக விளங்கியது. என்னுடைய கடிதங்களையும் இருவருமாக இருந்து வாசித்திருக்கிறீர்கள். வேர்க்கொம்பு அவித்துக் குடித்தீர்களா?

ஏன் போனீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. எனக்கு விளங்காதது ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதையும் யோசித்துப் பிடித்துவிட்டேன். நான் உங்களைச் செத்தவர் என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுக்க நீங்கள் சம்மதித்துத்தான் இருந்தீர்கள். உயிரோடு இருக்கும்போதே உங்கள் ஆத்துமாவுக்கு இறந்தோர் பூசை என்றதும் பயந்துவிட்டீர்கள். பெண்சாதியும் பிள்ளையும் மூன்று வருடம் அழுததற்கு வராத பயம் அது.

சத்தியக் கடதாசியைக் கிழித்துவிட்டேன். கோது ஓகஸ்ற் இருபத்துநாலாம் திகதி போனது. உங்கள் கையெழுத்தை உடைக்கிற இடத்து ஆள் சரியாகப் பார்க்கக்கூட இல்லை, முத்திரை குத்திவிட்டான். தூக்குகிறதற்கு முன்னம் பொனற்றை மட்டும் கழற்றித் தரச்சொல்லிக் கேட்டேன், தந்தான். அதை வீட்டுக்கு எடுத்து வந்து, வெள்ளை எழுத்தை நானே சுரண்டினேன். இரண்டு பின்னேரம் பிடித்தது. பிறகு அதையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். இனி அது மந்திரிக்காத இரும்பு.

சிஞ்ஞோரின் சிவப்புக் கார் இப்போது ஓடுகிறது. போன கிழமை எங்கள் தெருவுக்குக் கொண்டுவந்து காட்டினார். எஞ்சின் உங்களுடையதுதானே, அதே சத்தம். சமையலறையில் நின்றவள், கையைக்கூடத் துடைக்காமல் பல்கனிக்கு ஓடிவிட்டேன். கீழே சிஞ்ஞோர் தொப்பியை ஆட்டினார். நானும் கையை ஆட்டினேன்.

பூசையை நான் நிறுத்தவில்லை. புதன்கிழமை பின்னேரம் கறுப்பு உடுத்துக் கோயிலில் முன்வரிசை வாங்கில் இருந்தேன். சுவாமி உங்கள் பெயரை இரண்டு தரம் வாசித்தார். நித்திய இளைப்பாற்றியை அவருக்கு அருளும் என்று சனம் எல்லாம் சொன்னது, நானும் சத்தமாகச் சொன்னேன். உயிரோடு இருக்கிறவருக்கு என்று தெரிந்தேதான் சொன்னேன். அதைப் பாவசங்கீர்த்தனத்தில் நான் பார்த்துக்கொள்கிறேன்.

மொனிகா மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவளுக்கு எல்லாம் சொல்லிவிட்டேன், உங்கள் முகவரியும் கொடுத்திருக்கிறேன். உங்களுக்கு எழுதுவதும் விடுவதும் அவளுடைய விருப்பம். எனக்கு நீங்கள் எழுதவேண்டாம். உங்களை அடக்கம் செய்து நாலு நாள்தான் ஆகிறது.

றோசமலர்